கழுவி வைத்த பொம்மைகள்

அத்திபெலேயில் அக்கா வீட்டுக்காரரின் லாரிப் பட்டறையில் ஆயுத பூஜை. வரிசையாக அடுக்கிய ஸ்பானர்களுக்கு யசோதா சந்தனம் தொட்டுக்கொண்டே போனாள். பின்னாலேயே அக்கா மகள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். ஜாக்கிக்குக்கூட ஒரு சாமந்திப்பூ. அப்போதுதான் யசோதாவின் கைப்பேசி ஒலித்தது.

மல்லேஸ்வரத்திலிருந்து கோவிந்தப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். அவள் வேலை செய்யும் சிகிச்சை மையத்தில் கதவு திறப்பது, பெருக்குவது, வருகிற பிள்ளைகளின் செருப்பை அடுக்குவது எல்லாம் அவர்தான். படத்தோடு, கன்னடத்தில் பண்டிகை வாழ்த்துச் சொல்லும் ஒரு குரல் பதிவும் இருந்தது.

"யசோதா மேடம், ஹப்பத சுபாஷய! உங்க ஆயுதம் எல்லாம் ரெடி பண்ணிட்டேன். நோடி, பாருங்க!"

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மொட்டைமாடியில் பாய் விரித்து விளையாட்டு அறையின் சாமான்கள் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். டைனோசர் நெற்றியில் மஞ்சள், குங்குமம். முதலையின் வாயில் எலுமிச்சம்பழம். போலீஸ் ஜீப்புக்கு மாலை. பட்டறை ஆட்களிடம் காட்டலாம் என்று படத்தைப் பெரிதாக்கினாள். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

நடுவில் பச்சை கவுன் போட்ட பிளாஸ்டிக் பொம்மை ஒன்று, இரண்டு காலோடு நின்றிருந்தது. பின்னால் கைப்பிடிச் சுவர்மேல் நீல டப்பா ஒன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பொம்மைக்கு ஒரு கால்தான் இருக்க வேண்டும். பொம்மையே அந்த டப்பாவுக்குள், மணலுக்கு அடியில் இருக்க வேண்டும். நாளை மறுநாள் சனிக்கிழமை ரக்ஷா வந்து மூடியைத் திறக்கும்வரை ஒரு விரல்கூட அதன்மேல் படக்கூடாது. அப்படித்தான் யசோதா அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"என்னடி, முகம் செத்துப்போச்சு? யாருக்காவது ஏதாவதா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. பொம்மைக்கு."

"பொம்மைக்கா!" அக்கா தலையில் அடித்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் எடுக்கப் போனாள்.

யசோதா பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் ஸ்ரீராம்புரத்துக்குள்ளேயே. அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தார். அவள் பி.யூ.சி. முடித்ததும் பக்கத்துத் தெருவிலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சரானாள். கொரோனாவுக்காக மூடிய பள்ளி திரும்பத் திறந்தபோது, அவள் வகுப்பில் இருந்த சில பிள்ளைகள் முன்பு போல இல்லை. ஒருத்தன் பையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டான். ஒருத்தி டீச்சரின் புடவை முந்தானையைப் பிடித்தபடியே நாள் முழுக்க நடப்பாள். எதற்கென்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. ஆனால் வீடு கட்டி விளையாடும்போது மட்டும் எல்லாமே வெளியே வந்தது: ஆம்புலன்ஸ் வந்தது, யாரோ ஏறிப்போனார்கள், திரும்பி வரவில்லை. அதைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், விளையாட்டு வழியாகவே பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்றும் ப்ளே தெரபி படித்தாள். பிறகு மல்லேஸ்வரத்தில், குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ரமா தன் வீட்டு மாடியில் நடத்தும் மையத்தில் சேர்ந்தாள்.

தெருவில் அவளுக்கு 'பொம்மை டாக்டர்' என்று பேர். ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் கவியரசனுக்கும் இது ஒரு தீராத வேடிக்கை. "காலையிலேருந்து விளையாடிட்டு வந்து இடுப்பு வலிக்குதுன்னு சொல்ற ஒரே ஆளு இந்த பெங்களூர்லயே நீதான்டி" என்பான். இடுப்பு நிஜமாகவே வலிக்கும். பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்திலேயே அவளும் இருக்க வேண்டும். பிள்ளை தரையில் படுத்தால் அவளும் தரையில்தான். எதை எடுக்கலாம், எப்படி விளையாடலாம் என்று சொல்லித்தரக் கூடாது. பிள்ளை செய்வதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளியே எது எப்படி மாறினாலும் அந்த அறை மட்டும் மாறக் கூடாது. போன வாரம் மூன்றாவது தட்டில் இருந்த குரங்கு இந்த வாரமும் மூன்றாவது தட்டில்தான் இருக்க வேண்டும்.

ரக்ஷாவுக்கு ஆறு வயது. ஒக்கலிபுரத்துப் பிள்ளை. அம்மாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போனபோது, பாலத்துக்கு அடியில் ஒரு வேன் இடித்தது. பிள்ளைக்குச் சிராய்ப்புதான். அம்மாவுக்குத் தொடை எலும்பு நொறுங்கி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அந்த மாதங்கள் முழுக்க வீட்டில் எல்லோரும் பிள்ளையிடம் ஒரே பதிலைச் சொன்னார்கள். அம்மா ஊருக்குப் போயிருக்கா, நாளைக்கு வந்துடுவா. அம்மா கடைசியில் வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நுழைந்தபோது, ரக்ஷா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பேச்சு அன்றைக்கு நின்றது. அப்பா கிரணின் காதில் மட்டும், பசி, பாத்ரூம் என்று ஒரு சொல், இரண்டு சொல். பள்ளியில் அதுகூட இல்லை.

மையத்துக்கு வந்த இரண்டாவது வாரம், அவள் அந்தப் பச்சை கவுன் பொம்மையின் காலைத் திருகிப் பிடுங்கினாள். துணிக் கூடையிலிருந்து ஒரு கிழிசலை எடுத்துப் பொம்மையை முழுக்கச் சுற்றினாள். நீல டப்பாவில் மணலைப் போட்டு, பொம்மையையும் காலையும் புதைத்து மூடினாள். மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு யசோதாவை நிமிர்ந்து பார்த்தாள்.

ப்ளே தெரபி வகுப்பில் பாடம் எடுத்த மேடம் அடித்துச் சொல்லியிருந்தார்: உங்கள் கையில் இல்லாத எதையும் பிள்ளையிடம் வாக்காகக் கொடுக்காதீர்கள். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் யசோதாவுக்கு அது ஞாபகம் வரவில்லை. "இது உன்னோடது. நீ திரும்பி வர்ற வரைக்கும் இதை யாரும் தொட மாட்டாங்க" என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ரக்ஷா வந்ததும் மூடியைத் திறப்பாள், மணலைத் தட்டிப் பார்ப்பாள், மூடுவாள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். போன வாரம்தான் முதல் தடவையாக ஒரு விரலால் மணலைக் கொஞ்சம் விலக்கினாள். பொம்மையின் முகம் மட்டும் தெரிந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

இப்போது அந்த முகம் குங்குமப் பொட்டோடு கைப்பேசியில் சிரித்தது.

சாப்பிடாமல் கிளம்பினாள். மெஜஸ்டிக் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. படத்தைத் திறப்பதும் மூடுவதுமாகவே வந்தாள். கோவிந்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"அந்தத் துணி, பொம்மையைச் சுத்தியிருந்த துணி, எங்க?"

"அதுவா? கலீஜா இருந்துச்சு மேடம். கச வண்டில, குப்பையோட போட்டுட்டேன்."

"மணல்?"

"பழசைச் செடிக்குப் போட்டேன். புது மணல் சலிச்சு ரெடியா வெச்சிருக்கேன். பக்கத்துல வீடு கட்டறாங்கல்ல, கேட்டு வாங்கினேன். பொம்மைக் காலும் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டேன். ஹப்பத்தன்னிக்கு நொண்டி பொம்மைய சாமி முன்னாடி வெப்பாங்களா மேடம்?" அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவளுக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. தப்பு யாருடையது? டப்பாவைத் தொடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். அவளே ஸ்பானருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் பொம்மையைக் கழுவ மாட்டாரா?

மறுநாள் விஜயதசமி. விடுமுறை என்றாலும் காலையிலேயே மையத்துக்குப் போனாள். விளையாட்டு அறை பினாயில் மணத்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் குங்குமத்தைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தாள். டைனோசரின் நெற்றியில் மட்டும் மஞ்சள் கறை போகவே இல்லை. டாக்டர் ரமா காபி டம்ளரோடு வாசலில் வந்து நின்றார்.

"கோவிந்தப்பா அழாத குறையா உக்காந்திண்டிருக்கார். இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பதட்டம்? காலைப் பிடுங்குங்கோ, துணியைச் சுத்துங்கோ, புதைச்சுடுங்கோ. கொழந்தைக்கு என்ன தெரியப் போறது?"

அதையும் யசோதா ராத்திரியே யோசித்துவிட்டிருந்தாள். பொம்மையை எடுத்துக் காலைத் திருகினாள். அசையவில்லை. இழுத்தாள். பசை இடுப்போரம் வழிந்து கல்லாகியிருந்தது. கால் கொஞ்சம் கோணலாகவும் ஒட்டியிருந்தது.

"கொறடு தரட்டா மேடம்?" கோவிந்தப்பா எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. குறடும் கையோடு இருந்தது. தன் குற்றத்துக்குத் தானே பரிகாரம் செய்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. பொம்மையை வாங்கி, தொடையில் குறடை மாட்டினார்.

"வேணாம்!" யசோதா போட்ட சத்தத்தில் டாக்டரின் காபி தளும்பியது. "வேணாம் கோவிந்தப்பா. விடுங்க."

"ஏன்?" என்றார் டாக்டர்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்ன மாதிரிதானே ஆகும் டாக்டர் இது? அவளுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் சேர்ந்து நடிச்சாங்க. அதுலதான் அவ பேச்சே போச்சு. நானும் நடிக்கணுமா?"

"நெஜத்தைச் சொல்லி, அவ நாளையிலேருந்து வரமாட்டேன்னுட்டா?"

அந்தக் கேள்வியைத்தான் அவளும் அத்திபெலேயிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் கவியரசனே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். வழியில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொம்மைக்குத்தான் கால் வந்துடுச்சே, ஊருக்கே ஸ்வீட் குடுப்பாங்க, நீ எழவு வீட்டுக்குப் போற மாதிரி வர்ற" என்றான். இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தான். "ஏய், இப்ப என்ன? சாரின்னு சொல்லு. சின்னப் பிள்ளைங்க மன்னிச்சுடும்" என்று சேர்த்துக்கொண்டான். மன்னிப்பது பற்றி அவளுக்குக் கவலையில்லை. நம்புவது பற்றித்தான்.

கிரண் மகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தான். ரக்ஷா செருப்பைக் கழற்றும் நேரத்தில், குரலைத் தணித்துச் சொன்னான். "ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்க மேடம். தசரா லீவு முடிஞ்சு வந்தா அட்டெண்டன்ஸுக்காவது வாயைத் திறக்கணுமாம். இல்லன்னா வேற ஸ்கூல் பாருங்கன்றாங்க. போன வாரம் முகத்துல கொஞ்சம் தெளிவு தெரிஞ்சுது. இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தி பாத்துக்குங்க."

யசோதா தலையாட்டினாள்.

ரக்ஷா அறைக்குள் இரண்டடி வைத்ததுமே நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். பினாயில். கண் தட்டுகளின்மேல் ஓடியது, டைனோசரின் மஞ்சள் நெற்றியில் ஒரு கணம் நின்றது, பிறகு நேராக நீல டப்பாவுக்குப் போனது. யசோதா அவளுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"ரக்ஷா, நான் ஒண்ணு சொல்லணும். இதை யாரும் தொட மாட்டாங்கன்னு சொன்னேன். ஆனா நான் ஊருக்குப் போயிருந்தப்ப, பூஜைக்காக ரூம்ல எல்லாத்தையும் எடுத்துக் கழுவிட்டாங்க. இதையும் தொறந்துட்டாங்க. தொடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடதுதான். பொம்மை அதோ இருக்கு."

பொம்மையை அவள் மறைக்கவில்லை. சின்ன மேஜைமேல் படுக்கவைத்திருந்தாள். ரக்ஷா அதைப் பார்க்கவே இல்லை. டப்பாவைத் திறந்தாள். வெளிறிய புது மணல். இரண்டு கையாலும் தோண்டினாள், அடி தட்டும்வரை தோண்டினாள். ஒன்றும் இல்லை. கையை வெளியே எடுத்தபோது முஷ்டி நிறைய மணல் இருந்தது. அதை யசோதாவின் முகத்தைக் குறிவைத்து வீசினாள்.

கண்ணில் விழுந்தது. யசோதா கண்ணைத் தேய்க்காமல் நிதானமாகச் சொன்னாள். "ரக்ஷாவுக்கு ரொம்பக் கோபம். மணல் என் மேல போடறதுக்கு இல்ல. தரையில போடலாம். அந்தத் தலையணைய அடிக்கலாம்."

அடுத்த பிடி மணலும் அவள்மேல்தான் வந்தது. இந்தத் தடவை வீசியபின் பிள்ளை அவளையே பார்த்தாள். கத்துவாளா, கையைப் பிடிப்பாளா, கதவைத் திறந்து அப்பாவைக் கூப்பிடுவாளா என்று பார்க்கிற பார்வை. யசோதா அதே குரலில் அதையே மறுபடி சொன்னாள்.

மூன்றாவது பிடி தரையில் விழுந்தது. பிறகு டப்பாவே கவிழ்ந்தது. தட்டிலிருந்த முதலை, ஜீப், குரங்கு எல்லாம் பறந்தன. இத்தனை வாரமாக ஒரு பென்சிலைக்கூட ஓசை வராமல் வைக்கிற பிள்ளை, தலையணையைப் பிடித்துச் சுவரில் அறைந்தாள். ஒவ்வொரு அறைக்கும் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. சொல் இல்லை, வெறும் உறுமல்தான்.

கதவு தட்டப்பட்டது. "மேடம்? என்ன ஆச்சு? ரக்ஷா!"

"உள்ள வராதீங்க கிரண். நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றாள் யசோதா. நல்லாத்தான் இருக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே டாக்டர் ரமா அவனை ஏதோ சொல்லி உட்கார வைக்கும் குரல் கேட்டது.

உறுமல் மெல்ல ஓய்ந்தது. ரக்ஷா சுவர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தோள் ஏறி இறங்கியது. யசோதா பக்கத்தில் போகவில்லை. மணலுக்கு நடுவில் அவளும் உட்கார்ந்திருந்தாள். இனி இந்தப் பிள்ளை இந்தப் படியை ஏறாது என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நேரம் முடியப்போவதை முன்கூட்டியே சொல்வது வழக்கம். "இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு ரக்ஷா" என்றாள்.

பிள்ளை எழுந்தாள். மேஜைக்குப் போய்ப் பொம்மையை எடுத்தாள். ஒட்டிய காலை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கோணலான அந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். தன் கவுன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பொம்மையை இறுக்கிச் சுற்றினாள். தரையிலிருந்து மணலைக் கை கையாக வாரி டப்பாவில் போட்டு, புதைத்து, மூடினாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வழக்கமான தட்டுவரை போனாள். வைக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். திரைக்குப் பின்னால் டாக்டர் ரமாவின் பழைய இரும்பு பீரோ இருந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள்.

யசோதா வெளியே போய் மேஜை டிராயரிலிருந்து சாவி கொண்டுவந்தாள். டாக்டரின் பழைய பத்திரிகைகளைத் தள்ளிவிட்டு, கீழ்த்தட்டில் டப்பாவை வைக்க இடம் செய்தாள். ரக்ஷாவே வைத்தாள். ரக்ஷாவே பூட்டினாள். சாவியை உருவி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

அறையில் இருக்கும் எதுவும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. எந்தப் பிள்ளைக்கும் அவள் அதைத் தளர்த்தியதில்லை. இன்று வாயைத் திறக்காமல் கதவைத் திறந்துவிட்டாள்.

பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கிரண் மகளின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, கேட்கவும் தெரியாமல் கேட்காமலிருக்கவும் முடியாமல் நின்றான். அப்போதுதான் யசோதாவுக்கு ஞாபகம் வந்தது. பீரோவுக்கு இன்னொரு சாவி உண்டு. கீழே, டாக்டரின் படுக்கையறையில். ரக்ஷாவுக்கு அது தெரியாது. தெரியப் போவதுமில்லை. இந்த ஒரு சனிக்கிழமைக்கு இவ்வளவு போதாதா?

"ரக்ஷா, இரு. போயிடாத." படியில் இறங்கி ஓடினாள். டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"யசோதா, அது ஸ்பேர் சாவி! என் பி.பி. மெஷின் பீரோக்குள்ள இருக்கு!"

"ஒரு வாரம் டாக்டர். ப்ளீஸ்."

டாக்டர் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டார். "எடுங்கோ. ஒரு வாரம் என் பி.பி. என்னன்னு தெரியாம இருக்கறதே மேல். இன்னிக்குப் பாத்தா நிச்சயமா எகிறியிருக்கும்."

மூச்சு வாங்க மேலே வந்து பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தாள். "அதுக்கு ரெண்டு சாவி ரக்ஷா. இது ரெண்டாவது. இன்னொருத்தர்கிட்ட இருந்துச்சு. உனக்குத் தெரியணும்னு கொண்டுவந்தேன். வேற சாவி கிடையாது."

ரக்ஷா இரண்டாவது சாவியையும் வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல் பல்லாக ஒப்பிட்டாள். கிரண் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யசோதா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். மாடிப்படியில் கோவிந்தப்பா துடைப்பத்தோடு சிலையாக நின்றிருந்தார்.

ஒரு சாவியைப் பிள்ளை கவுன் பையில் போட்டாள். மற்றதை யசோதாவின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு விடவில்லை. யசோதாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடி, அந்த முஷ்டியின் மேல் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தொறக்க மாட்டேன்" என்றாள் யசோதா.

கிரணின் பைக் கேட்டைத் தாண்டிப் போனது. அன்று சாயங்காலம் ஸ்ரீராம்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோது, யசோதா பர்ஸைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். ஜிப்பை மூடினாள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி திறந்தாள். "என்னம்மா, ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்றாள் பக்கத்தில் பூக்கூடை வைத்திருந்தவள். "இல்ல, இருக்கு" என்றாள் யசோதா. ஜிப்பின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.